கொதிக்க வைத்தால் எட்டிக்கொட்டை மருந்தாகிவிடாது

தறிக் குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க நெய்பவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் ஓயாமல் வலிக்கும். நெசவாளர் வாழும் திருப்பருத்திக்குன்றத்திலும் பிள்ளையார்பாளையத்திலும் அந்த வலிக்காகச் சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை என்று பொட்டலம் வாங்கி, கைப்பேசியில் எவரோ சொன்னபடி வீட்டிலேயே காய்ச்சிக் குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சுத்தி, அதாவது நச்சைக் குறைக்கும் பக்குவம், செய்தீர்களா என்று கேட்டால், "நல்லா கொதிக்க வச்சேங்க" என்பதோடு சரி.

ஒவ்வொரு விஷத்துக்கும் சுத்தி வேறு. குன்றிமணியின் அப்ரின் ஒரு புரதம். நன்றாக வேகவைத்தால் சிதையும். எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னின் கொதித்தாலும் அழியாது. அதனால்தான் அதைக் கோமியத்தில் பல நாள் ஊறவைத்து, தோலையும் முளையையும் நீக்கி, பாலில் வேகவைக்கிறார்கள். விஷத்தில் ஒரு பகுதி அந்தக் கோமியத்திலும் பாலிலும் இறங்குகிறது. அவற்றைக் குடிக்காதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள். நாபிக் கிழங்கின் அகோனிடைன் நெடுநேரம் வெந்தால்தான் வீரியம் குறைந்த பொருளாக உடையும். அரைவேக்காட்டில் இறக்கினால் இதயத் துடிப்பையே குலைக்கும். சேராங்கொட்டையின் மூக்கை அறுத்துச் செங்கல் பொடியில் புரட்டுவது, தோலைக் கொப்புளிக்க வைக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கத்தான். இவ்வளவு செய்தும் விஷம் குறைகிறதே தவிர, முழுக்கப் போவதில்லை. அளவு தப்பினால் சுத்தி செய்த சரக்கும் கொல்லும்.

2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கொரோனா வராது என்ற கைப்பேசிக் காணொளியை நம்பி ஊமத்தை விதையை அரைத்துக் குடித்தவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். நல்லவேளை, பிழைத்தார்கள்.

எட்டி, சேராங்கொட்டை, நாபி, குன்றி, நேர்வாளம், ஊமத்தை எல்லாம் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் இ(1) பட்டியலில் உள்ள நச்சுச் சரக்குகள். இவை சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தின் மேலுறையில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். ஆனால் விதி கட்டாயமாக்கியிருப்பது ஆங்கிலத்தையும் இந்தியையும்தான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நெசவாளிக்கு அதனால் என்ன பயன்? இதைத் திருத்தக்கூடவா அதிகாரிகளுக்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லை?

வாங்கும்போதே உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள். ரசீது கேளுங்கள். வைத்தியர் தம் நோயாளிக்குத் தாமே செய்து தரும் மருந்துக்குத் தயாரிப்பு உரிமம் வேண்டியதில்லை. ஆகவே அங்கே உங்கள் கையில் இருக்கக்கூடிய சான்று அவரது பதிவு எண்ணுள்ள மருந்துச் சீட்டு ஒன்றுதான். அதைத் தர மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

சாப்பிட்ட பின் வாய் மரத்துப்போதல், தசை விறைப்பு, படபடப்பு, பிதற்றல், அடங்காத வாந்தி பேதி கண்டால் உடனே 108. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொட்டலத்தையும் மிச்ச மருந்தையும் கையோடு கொண்டுபோங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

உயிர் தப்பியதும் பலர் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், வாங்கிய கடை, சாப்பிட்ட அளவு, தொடங்கிய நாள், கோளாறு கண்ட நாள் எல்லாவற்றையும் எழுதி, ரசீதும் மருத்துவமனை அறிக்கையும் இணைத்து மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் மனு கொடுங்கள். நகல் ஒன்றைச் சென்னை அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவத்துக்கான மாநில மருந்து உரிம அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடையில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்கு உண்டு. மனுவில் அதைக் கேட்டே எழுதுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கும் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். "பார்க்கிறோம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் நகராதீர்கள். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை கேளுங்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள்.