கலக்காமல் சேறு அள்ளுவது எப்படி?

பெருமழை பெய்யும் நாளில் லயத்துக்குப் பின்னால் ஓடும் கானைப் பாருங்கள். தண்ணீர் பால்தேநீர் நிறத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த நிறம் முழுக்க மண்தான். தேயிலைக்கு அடியிலும் கரட் பாத்தியிலும் இருந்த மண் மலையை விட்டு இறங்கிப் போகிறது.

எங்கே போகிறது? நீங்கள் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்பதைப் பொறுத்தது அது. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்து மண் கெஹெல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும். மஸ்கெலியாப் பக்கத்து மண்ணுக்கு மவுசாக்கலை. இரண்டும் களனி கங்கைக்கு நீர் கொடுப்பவை. அந்த ஆறு கொழும்பில் மேற்குக் கடலைச் சேர்கிறது. நுவரெலியாவின் மண்ணோ நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. நாட்டிலேயே நீளமான அந்த ஆறு, 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. ஒரே மலைநாட்டு மழைக்கு இரண்டு கடல்!

ஆனால் மண்ணில் பெரும்பங்கு கடலைக் காண்பதே இல்லை. ஓடும் தண்ணீர் மண்ணைச் சுமக்கும். வேகம் குறைந்ததும் கீழே போட்டுவிடும். அணைக்குப் பின்னால் நடப்பது இதுதான். கண்டிக்கு அருகே பொல்கொல்லை அணை 1976இல் திறக்கப்பட்டது. அடுத்த 12 ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. சிறிய தேக்கம் என்பதால் அவ்வளவு சீக்கிரம். நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் உருவான கிரகரி வாவிக்கும் இதே தொல்லை உண்டு. சுற்றியுள்ள சரிவுகளும் நகரமும் கழுவி அனுப்புவதெல்லாம் அங்கேதான் வந்து படிகிறது.

“சேறு நிறைந்தால் அள்ளிவிட வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். அள்ளலாம். ஆனால் அள்ளும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. அது ஏன் என்று அறிய ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். கால் பங்கு தோட்டத்து மண், மீதி தண்ணீர். மூடி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் உடனே அடியில் போய் உட்காரும். அதன் மேல் வண்டல் மெதுவாகப் படியும். ஆனால் மேல்தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். களிமண் துகள்கள் இன்னும் கீழே இறங்கவில்லை.

இதற்குக் கணக்கு உண்டு. ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதி அது: துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால், அது விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். அசையாத தண்ணீரில் ஒரு மீற்றர் இறங்க, 0.1 மில்லிமீற்றர் மணலுக்குச் சுமார் 2 நிமிடம் ஆகும். 0.01 மில்லிமீற்றர் வண்டலுக்கு 3 மணி நேரம். 0.001 மில்லிமீற்றர் களிக்கு ஏறத்தாழ 13 நாட்கள்! வாவியின் அடியை இயந்திர வாளி ஒரு தடவை கிளறினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

எழும்பிய களி வெயிலை மறைக்கிறது. நீருக்கடியில் உள்ள செடிகள் உணவு தயாரிக்க முடியாது. களி மீனின் செவுளிலும் போய் அடைகிறது. அதோடு, களித்துகளில் ஒட்டியிருந்த உரச்சத்தும் பூச்சிமருந்தும் கிளறும்போது தண்ணீருக்குள் வந்துவிடலாம். உரச்சத்தான பொஸ்பரஸ் கிடைத்தால் பாசிக்குக் கொண்டாட்டம். வாவியைச் சுத்தம் செய்யப் போய்ப் பச்சைப் படலத்தை வளர்த்துவிட்டு வந்த கதையாகிவிடும்.

இத்தகைய கலங்கலால் மிக அதிகம் துன்பப்படுவது மலையில் இல்லை, கடலில் இருக்கிறது: முருகைக்கல். பார்த்தால் கல், உண்மையில் கோடிக்கணக்கான குட்டி விலங்குகள் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்ந்து, வெயிலைக் கொண்டு சமைத்து, வீட்டுக்காரருக்கும் ஊட்டுகிறது. தண்ணீர் கலங்கினால் அந்த அடுப்பு அணைந்துவிடும். மேலே விழும் தூசியை முருகைகள் ஒரு வழுவழுப்பான சளியால் துடைத்துத் தள்ளும். தூசி விடாமல் விழுந்தால் துடைப்பதிலேயே பலம் தீர்ந்துபோகும்.

நம் அயலில் உள்ள மாலைதீவு முழுக்க முழுக்க முருகைக்கல் மேல் நிற்கும் நாடு. தலைநகர் மாலேக்குப் பக்கத்தில், 1997இல் தொடங்கி, கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி ஹுல்ஹுமாலே என்ற தீவையே உருவாக்கினார்கள். அங்கே கலக்காமல் அள்ளுவது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். பசிபிக்கில் ஜோன்ஸ்டன் என்ற முருகைத் தீவின் கதை வேறு. வியட்நாம் போரில் மிஞ்சிய களைக்கொல்லியை அமெரிக்க இராணுவம் 1972 முதல் 1977 வரை அங்கே பீப்பாய்களில் வைத்திருந்தது. பீப்பாய்கள் ஒழுகி மண் நஞ்சானது. அப்படிப்பட்ட இடத்தில் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்வது கத்திமேல் நடப்பது போலத்தான். தீவு ஒடுக்கமானது, தோண்டிய குவியலை மூடாமல் விட்டால் ஒரே மழையில் நஞ்சு கடலுக்குள் போய்விடும்.

ஆகவே பொறியியலாளர்கள் சில தந்திரங்களை வைத்திருக்கிறார்கள். வாளியால் தோண்டாமல் குழாயால் உறிஞ்சினால் கலங்கல் குறையும். உறிஞ்சிய சேற்றைத் தடித்த துணிப்பைகளில் நிரப்பினால் தண்ணீர் கசிந்து வெளியேற, மண் உள்ளே தங்கும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி, மேலே மிதவையும் கீழே பாரமும் கட்டிய திரையைத் தொங்கவிடுவார்கள். திரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஓட்டம் வேகமான இடத்தில் அது காற்றில் பட்டுச்சேலையாக ஆடும், சேறு அடியால் நழுவிவிடும். அதனால் கலங்கலைக் கருவியால் அளந்துகொண்டே இருந்து, குறித்த அளவு தாண்டினால் வேலையை நிறுத்துவார்கள். பல முருகைகள் முட்டையிடுவது வருடத்தில் ஒருசில இரவுகளில்தான் என்பதால், மேற்கு அவுஸ்திரேலியாவில் அந்த நாட்களையொட்டி அள்ளும் வேலையை நிறுத்திவைக்கும் வழக்கமும் இருக்கிறது.

கலங்கலை அளக்கும் கருவிகளில் எனக்குப் பிடித்தது 1865இல் இத்தாலியப் பாதிரியார் அஞ்சலோ செக்கி பயன்படுத்தியது. வெறும் வெள்ளைத் தட்டு! கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றை அளந்தால் முடிந்தது. நீர் தெளிந்திருந்தால் ஆழமாகப் போகும். பெரியவர் ஒருவரோடு கரையிலிருந்து நீங்களும் அளக்கலாம். தனியாக நீர்த்தேக்கத்துப் பக்கம் போகவே கூடாது.

இவ்வளவு பாடும் எதற்கு, மண்ணை மலையிலேயே நிறுத்தினால் என்ன? நம் தோட்டங்களுக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும். தேயிலை மரங்கள் நெருங்கி மலையை மூடியிருந்தால், மழைத்துளி இலையில் விழுந்து வேகம் தணிந்தே மண்ணைத் தொடும். கவ்வாத்து வெட்டிய பின்தான் மண் திறந்து கிடக்கும். அப்போது வெட்டிய கொப்புகளைச் சரிவிலேயே பரப்பிவைப்பார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்க்கச் சொல்கிறது, 1925இல் தொடங்கித் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம். அந்தப் புல்லின் வேர் மண்ணைக் கட்டிப்பிடிக்கும்.

சரிவுக்குக் குறுக்கே வெட்டும் கானுக்குள்ளும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடைக்கிடை மண் தடுப்பு விட்டு, சின்னச் சின்னக் குழிகளாக அதை அமைப்பார்கள். தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, மண்ணை இறக்கிவிட்டு, தடுப்புக்கு மேலால் வழிந்து போகும். மழைக்காலம் முடிந்ததும் யாரோ ஒருவர் மம்மட்டியோடு வந்து, குழியில் சேர்ந்த மண்ணை வாரி, மேலே தேயிலைத் தூரிலேயே போட்டுவிடுவார். உங்கள் தோட்டத்துக் கான்களில் இந்தத் தடுப்புகள் இருக்கின்றனவா, போன மழைக்கு நிறைந்த குழிகளை வாரினார்களா என்று வேலை முடிந்து வரும் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள்.