காஷ்மீரத்துத் தாமரைக் கிழங்கு

காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் 40 நாட்களுக்குச் ‘சில்லாய் கலான்’ என்று பெயர். ஏரி ஜலமும் உறையக்கூடிய கடுங்குளிர்க் காலம் அது. அந்நாட்களில் அங்குள்ள இல்லங்களில் கொதிக்கும் ‘நத்ரூ யக்னி’யை நம் சகோதரிகளுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். நத்ரூ என்பது தாமரைக் கிழங்கேயாகும். தாமரைத்தண்டு வற்றலை வறுத்து உண்ணும் நமக்கு அது அந்நியப் பண்டமன்று.

கிழங்கின் துளைகளில் சேறு தங்கியிருக்குமாதலால் ஒவ்வொன்றிலும் நீர் புகவிட்டு அலம்புதல் அவசியம். சாய்வாக நறுக்கி, மிருதுவாகும் வரை வேக வைத்துக்கொள்ளவும். பின்னர், கடைந்த தயிரை அடுப்பேற்றிக் கொதி வரும் வரை கை ஓயாமல் கிளற வேண்டும். சற்று அயர்ந்தாலும் திரிந்துவிடும். சாமர்த்தியமெல்லாம் இதில்தான் இருக்கிறது. சோம்புப் பொடி, சுக்குப் பொடி, ஏலம், கிராம்பு ஆகியவற்றுடன் கிழங்கையும் இட்டுச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, உலர்ந்த புதினாவை நொறுக்கித் தூவி இறக்குவர். மிளகாயில்லாத குழம்பா என்று முகஞ் சுளிக்க வேண்டாம். சுடுசோற்றுக்குச் சுக்கின் காரமே போதும்.

இக்கிழங்கை எடுப்போர் படும் பாடோ கொடிது. குளிர் வாட்ட, படகில் நின்று, கொக்கி பூட்டிய நீண்ட கழியால் ஏரிச் சேற்றைத் துழாவி இழுக்கின்றனர். 1992-ஆம் ஆண்டு வெள்ளம் ஊலர் ஏரியில் வண்டலைக் குவித்துத் தாமரையை அடியோடு மூடிவிட்டது. அதை நம்பியிருந்த கரையூர்க் குடும்பங்கள் பிழைப்பிழந்து தவித்தன. வண்டலை வாரி அகற்றும் வேலை நடந்த பின்னர், 2025-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே மீண்டும் தாமரை பூத்துக் குலுங்கியது.