யோசனை சொன்னவருக்கு 2 அடி அபராதம்! டெலிவிஷன் பார்த்தவர்கள் போன் போட்டு மாட்டிவிட்டார்கள்

மணலூர்பேட்டையில் கோல்ப் மைதானம் கிடையாது. தென்பெண்ணை ஆறு இருக்கிறது. தை மாதம் 5-ந்தேதி திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் ஆற்று மணல் இருக்கிறது. கோல்ப்தான் இல்லை.

ஆனால் கோல்ப் ஆடுகிறவர்களைப் பிடித்து ஆட்டும் ஒரு வியாதி இங்கேயும் உண்டு. கேரம் பலகையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் பத்துப் பேர் நிற்பார்கள். ஆடுகிறவன் ஸ்ட்ரைக்கரை வைக்கும் முன்பே ஆரம்பமாகி விடும்.

"மாப்ளே, ரெட்டை இப்போ தொடாதே!"

"கருப்பைத் தட்டுடா, மூலையிலேயே நிக்குது!"

தட்டுவான். போகாது. "நான் சொன்ன மாதிரியா அடிச்சே?" என்று யோசனை சொன்னவர் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். அவருக்கு ஒரு காயின் நஷ்டமா? ஒன்றும் கிடையாது!

இப்படிக் கேட்காமலே சொல்லும் வாய்க்கு அபராதம் போடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் கோல்ப். அபராதம் ரூபாயில் அல்ல, அடியில்!

குறைந்த அடி, வெற்றி

ஆட்டம் தெரியாதவர்களுக்கு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழியின் அகலமும் நாலேகால் அங்குலம். பந்தின் எடை 46 கிராமுக்கு உள்ளே. பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். கிட்டத்தில் அடிக்க ஒன்று, தூரத்தில் அடிக்க ஒன்று, மணலில் இருந்து கிளப்ப ஒன்று. எல்லாக் குழியிலும் பந்தைப் போட்டு முடிக்க யார் குறைவான அடி எடுத்துக்கொண்டாரோ அவர் ஜெயித்தவர். அதனால் 2 அடி அபராதம் என்பது சின்ன விஷயம் அல்ல. பெரிய போட்டிகளில் ஒரே ஒரு அடியில் கோப்பை கைமாறி இருக்கிறது.

கொடைக்கானலில் 1895-ம் ஆண்டிலேயே கோல்ப் கிளப் வந்துவிட்டது. ஊட்டியிலும் உண்டு. சென்னையில் அண்ணா சாலையில் பஸ்சில் போகிறவர்கள் நந்தனத்தில் ஒரு பெரிய பச்சை மைதானத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நடந்தது என்ன?

1980-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் லா கோஸ்டா என்ற இடம். சாம்பியன்களுக்கு என்றே நடத்தும் போட்டி. கடைசி நாள் ஆட்டம். முன்னணியில் இருந்தவர் டாம் வாட்சன். அப்போது உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர். அவருடன் சேர்ந்து ஆடி வந்தவர் லீ டிரெவினோ. அவரும் லேசுப்பட்ட ஆள் அல்ல.

டிரெவினோவுக்கு அன்று பந்து சரியாகப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நடந்த வாட்சனுக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே, அவர் அடிக்கும் முறையில் இருந்த ஒரு கோளாறைச் சுட்டிக்காட்டினார். நல்ல எண்ணம்தான். எதிராளிக்கே உதவி செய்கிறார் பாருங்கள்!

ஆனால் பக்கத்தில் டெலிவிஷன் மைக் இருந்தது. அந்தப் பேச்சு வீடு வீடாகக் கேட்டுவிட்டது. விதி தெரிந்தவர்கள் போனை எடுத்து சுழற்றினார்கள். "யோசனை சொல்லலாமா?" என்று புகார். அதிகாரிகள் விசாரித்தார்கள். வாட்சன் சொன்னது உண்மை என்று தெரிந்தது. போட்டார்கள் 2 அடி அபராதம்!

வாட்சன் தப்பித்தார். அவர் அவ்வளவு முன்னால் இருந்ததால், அபராதம் போக 3 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். யோசனை கேட்ட டிரெவினோவுக்கு தண்டனை இல்லை. அவர் கேட்கவில்லையே, தானாக வந்ததுதானே!

சட்டம் என்ன சொல்கிறது?

கோர்ட்டு செய்தி எழுதுகிறவனுக்கு இந்த சட்டப்பிரிவு ரொம்பப் பிடித்துப்போய் விட்டது. 2019-ம் ஆண்டில் இருந்து இது 10.2-வது விதி. அதற்கு முன்பு 8-வது விதி. போட்டி நடக்கும்போது, அதில் ஆடும் இன்னொருவருக்கு யோசனை சொல்லக்கூடாது. அவரிடம் கேட்கவும் கூடாது. சொன்னால் சொன்னவருக்கு அபராதம். கேட்டால் கேட்டவருக்கு. ஒருவர் கேட்டு மற்றவர் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும். ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டமாக இருந்தால் அந்தக் குழியே போய்விடும்.

எது யோசனை, எது யோசனை இல்லை என்பதில்தான் வக்கீல்களுக்கு வேலை! "குழிக்கு இன்னும் 150 கெஜம்" என்று சொல்லலாம். "அந்தப் பக்கம் தண்ணி இருக்கு" என்றும் சொல்லலாம். அது எல்லோருக்கும் பொதுவான விவரம். "7-ம் நம்பர் மட்டையை எடுங்க" என்றால் மாட்டிக்கொண்டார்! "இப்போ எந்த மட்டையில அடிச்சீங்க?" என்று கேட்டாலும் மாட்டிக்கொண்டார்!

இன்னும் கேளுங்கள். அடுத்தவர் பையில் எந்த மட்டை குறைகிறது என்று எட்டிப் பார்க்கலாம். தப்பில்லை. ஆனால் மட்டைகளின் மேல் மூடிக் கிடக்கும் துண்டைத் தூக்கிப் பார்த்தால் தப்பு. எதிராளியைக் கவிழ்க்க, அவர் காதில் விழும்படி வேண்டும் என்றே பொய்யாக ஒரு மட்டையின் பெயரைச் சொன்னால் அதுவும் தப்பு. பொய் யோசனையும் யோசனைதான்!

யோசனை சரியாக இருந்தாலும் மன்னிப்பு கிடையாது. கோல்ப் மைதானத்தில் அங்கங்கே மணல் குழி வெட்டி வைத்திருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் தலைவலி. புதிதாக ஆடுகிறவர் பந்தை நேராக அடிக்கப் பார்ப்பார். பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் மட்டையை இறக்கினால், மணலே பந்தைத் தூக்கி வெளியே எறியும். அதுதான் சரியான முறை. நம்ம ஆற்று மணலில் கால் வைத்து வளர்ந்த பையன்கள்கூட ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் போட்டியில் இதை இன்னொருவருக்கு சொல்லிக் கொடுத்தால் 2 அடி போச்சு!

"தலையைத் தூக்காதீங்க சார்!"

இதெல்லாம் போட்டியில். ஞாயிற்றுக்கிழமை சும்மா ஆடும் ஆபீசர்கள், டாக்டர்கள், முதலாளிகள் மத்தியில் விதிப் புத்தகத்தை யார் பிரிக்கிறார்கள்? அங்கேதான் யோசனை ஆறாக ஓடுகிறது.

உலகம் பூராவும் கோல்ப் மைதானத்தில் இலவசமாகக் கிடைக்கும் யோசனைகளில் முதல் இடம் இதற்குத்தான்: "தலையைத் தூக்காதீங்க!" பந்து தரையில் உருண்டால் தலை. வளைந்து போனால் தலை. தண்ணீரில் விழுந்தாலும் தலை!

கற்றுக்கொடுக்கும் கோச்சுகள் பலர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தலை எழும்புவது பெரும்பாலும் கோளாறின் விளைவுதான், காரணம் அல்ல. காரணம் காலிலோ, இடுப்பிலோ, நிற்கும் நிலையிலோ இருக்கும். தலையை ஆணி அடித்தது மாதிரி வைத்துக்கொண்டால் உடம்பு திரும்பாது. உடம்பு திரும்பாவிட்டால் வெறும் கையால் வீசுவார். முன்பு இருந்ததும் போச்சு!

இன்னொன்று. வலது கைக்காரர் அடிக்கும் பந்து வலது பக்கமாக வளைந்து ஓடுகிறது என்று வையுங்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்கு வருகிற பொதுவான வியாதி இது. உடனே பின்னால் நிற்பவர், "இடது பக்கமாத் திரும்பி நின்னு அடிங்க சார், சரியா வரும்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மட்டையின் முகம், அது வீசப்படும் திசைக்கு வலது பக்கமாகத் திறந்து இருப்பதால்தான் பந்து அப்படி வளைகிறது. இடது பக்கம் திரும்பி நின்றால் வீச்சும் இன்னும் இடது பக்கமாக இழுக்கும். பந்து முன்னைவிட மோசமாக வலது பக்கம் சுழலும். மருந்து கொடுத்தவர் அதற்குள் அடுத்த குழிக்கு நடந்திருப்பார்!

மட்டையை ஓங்கி வீசி முடிக்க 2 வினாடிகூட ஆகாது. அதற்குள் தலை, இடது கை, இடுப்பு, கால் என்று நாலு பேர் சொன்ன நாலு யோசனையை நினைத்துக்கொண்டு அடிக்க மனிதனால் முடியுமா?

கோச்சுக்கே பாடம்!

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இங்கிலாந்தில் நடந்த கூத்து உலகம் எல்லாம் சிரித்தது. ஜார்ஜியா பால் என்ற பெண், கோல்ப் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். பயிற்சி மைதானத்தில் தனியாக நின்று, தன் வீச்சில் ஒரு மாற்றம் செய்து பழகிக்கொண்டிருந்தார். அதற்காகவே மட்டையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார்.

பக்கத்தில் ஒருவர். யார் என்று தெரியாது. அந்தப் பெண் யார் என்று அவருக்கும் தெரியாது! "இப்படி மெதுவா ஆடக்கூடாது" என்று ஆரம்பித்தார். தான் 20 வருஷமாக கோல்ப் ஆடுவதாகச் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாக, "நான் முறையை மாத்திப் பழகிட்டு இருக்கேன்" என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். தான் கோச்சு என்று மூச்சு விடவில்லை. அடுத்த பந்து அழகாகப் பறந்தது. உடனே அந்த ஆள், "பார்த்தீங்களா, எவ்வளவு நல்லா வந்தது!" என்று பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்!

எல்லாம் படம் பிடிக்கப்பட்டு லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். அவர் பெண் என்பதால்தான் அந்த ஆளுக்கு அவ்வளவு தைரியம் வந்தது என்று பல பெண்கள் சொன்னார்கள். நமக்கும் அப்படித்தான் படுகிறது. 6 அடி உயரத்தில் மீசை வைத்த ஆள் ஒருவர் அங்கே மெதுவாக ஆடி இருந்தால் கேட்டிருப்பாரா?

இது வேறு கேடி

யோசனை சொல்ல ஒரு ஆளுக்கு மட்டும் விதியே அனுமதி கொடுத்திருக்கிறது. அவர் பெயர் கேடி. போலீஸ் ஸ்டேஷன் கேடி லிஸ்ட் ஞாபகத்துக்கு வரவேண்டாம்! ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து கூடவே நடக்கும் தொழிலாளிதான் கோல்ப் கேடி. ஜோடி சேர்ந்து ஆடினால் பார்ட்னரும், அவருடைய கேடியும் பேசலாம். வேறு யாரும் பேசக்கூடாது.

நம் நாட்டில் இவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று கூலி. வெயிலில் மைல் கணக்கில் நடை. மைதானத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அத்துப்படி. ஆனாலும் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார்கள். "சார், 7-ம் நம்பர்" என்று மட்டையை நீட்டுவதோடு சரி. அதையும் சார் கேட்காமல் 5-ம் நம்பரில் அடித்து, பந்து எங்கோ போனால் திட்டு யாருக்கு? கேடிக்குத்தான்!

அந்த வாய் மூடிய கூட்டத்தில் இருந்து வந்தவர்களைப் பாருங்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ம் ஆண்டு இந்தியன் ஓப்பன் கோப்பையை வென்றார். 1993-ம் ஆண்டு மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ம் ஆண்டு அதே கோப்பையை, சமநிலையில் முடிந்து மறுபடி ஆட வைத்த பிளே-ஆப்பில், கொரியா ஆட்டக்காரரைத் தோற்கடித்து வாங்கினார். கல்கத்தாவில் கோல்ப் மைதானப் புல் பராமரிப்பவரின் மகன் சவுராசியா 2016, 2017 இரண்டு வருஷமும் வென்றார். டாம் வாட்சனிடம் யோசனை கேட்டாரே டிரெவினோ, அவரும் சின்ன வயதில் பை தூக்கியவர்தான். யாரையும் பார்க்காமல் தானாகவே ஆடிப் பழகியவர்!

கேடிகள் பேசுவதிலும் வில்லங்கம் வந்தது உண்டு. 2023-ம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் புரூக்ஸ் கெப்காவின் கேடி, எதிர் ஆட்டக்காரரின் கேடியைப் பார்த்து "5" என்று சொன்னது மாதிரி டெலிவிஷனில் தெரிந்தது. எந்த நம்பர் மட்டை என்று ரகசியம் சொன்னாரா? விசாரணை நடந்தது. யோசனை எதுவும் கைமாறவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

வாரக் கடைசியில் ஆடும் சாதாரண ஆட்டக்காரர் இந்த யோசனைத் தொல்லையில் இருந்து தப்ப என்ன வழி? "கோச்சுகிட்ட கத்துக்கிட்டு இருக்கேன் சார், ரெண்டு பேர் சொன்னா குழம்பிடுவேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். கிளப் போட்டி நாள் என்றால் இன்னும் சுலபம். "சார், சொல்லாதீங்க, உங்களுக்கு 2 அடி போயிடும்" என்று அவர் நன்மைக்குச் சொல்வது மாதிரி சொல்லிவிடலாம். வெறும் பயமுறுத்தல் அல்ல இது. கோல்ப் போட்டியில் ஒருவருடைய அடிக்கணக்கை எழுதுவது அவர் கூடவே ஆடும் இன்னொருவர்தான். யோசனை சொல்லும் சாரின் ஸ்கோர் கார்டு, பல நேரங்களில் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டு நிற்பவரின் சட்டைப் பையில்தான் இருக்கும்!