குறட்டைக்கு யாரும் பயப்படுவதில்லை

"நள்ளிரவில் சட்டென எழுந்தால் மாரடைப்பு. மூன்றரை நிமிடம் பொறுத்து எழுங்கள்!" ஈப்போக் குடும்பங்களின் புலனக் குழுக்களில் அடிக்கடி சுற்றிவரும் செய்தி இது. இதில் உண்மை கொஞ்சம்தான். முதியவர்களும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் திடீரென நின்றால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்; கீழே விழலாம். கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து எழுந்தால் போதும். மூன்றரை நிமிடக் கணக்குக்கு ஆதாரம் கிடையாது.

தூங்குகிறவரின் நெஞ்சை அமுக்குவதாகச் சொல்லப்படும் அமுக்குவான் பேயின் கதையும் அப்படித்தான். கனவுத் தூக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்த நிலை விலகுமுன் விழிப்பு வந்துவிட்டால் கைகால் அசையாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். ஓரிரு நிமிடத்தில் தானே சரியாகிவிடும், ஆளைக் கொல்லாது.

"தோட்டத்துத் தாத்தாக்கள் 4 மணிக்கு எழுந்தார்கள், நோய் அண்டவில்லை" என்று இன்னொன்று. சுங்கை சிப்புட் தோட்டங்களில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியது ஆரோக்கியத்துக்காகவா? வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறையும், அதற்காக. அதே தாத்தாக்கள் இரவு 8, 9 மணிக்கெல்லாம் லயத்தில் படுத்துவிட்டதைச் செய்தி எழுதியவர் வசதியாக விட்டுவிட்டார். நோய் அண்டாத கதையை மலேரியாவில் மாண்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். தாமான் வீட்டுப் பேரன் நள்ளிரவு வரை கைப்பேசியோடு இருந்துவிட்டு, தொழிற்சாலை பஸ்ஸுக்காக 5 மணிக்கு எழுகிறான். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அது குறட்டை. எல்லாக் குறட்டையும் அல்ல. உரக்க வந்து, சட்டென நின்று, அறையே அமைதியாகி, பிறகு நீரில் மூழ்கி மேலே வந்தவரைப் போல மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்கிறதே, அது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது, ஒவ்வொரு முறையும் 10 நொடியோ அதற்கு மேலோ. மணிக்கு 30 தடவை என்றால் தீவிர நிலை. இரத்த அழுத்தம் ஏறும். பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகும். உடல் பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் இது அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரியோ 18.3.

வைத்தியம் இல்லாமலில்லை. எடையைக் குறைக்கலாம். மூக்கு வழியே காற்றை அழுத்தி அனுப்பும் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-லேயே அறிமுகப்படுத்திவிட்டார்.

முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. அதனால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.