தோலும் நிறமும்: 'குரோமியம்' என்னும் சொல்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிலில் 'குரோம்' என்பது அன்றாட வழக்குச் சொல். ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிடும் பழைய முறையோடு குரோமிய உப்பால் பதனிடும் முறையும் ஆங்கு வேரூன்றியுள்ளது. அவ்வுப்பு ஏறிய ஈரத்தோல் வெளிர்நீலமாகும்.

பிரெஞ்சு வேதியியலறிஞர் வோக்லென் 1797இல் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். இதன் சேர்மங்கள் பல்வேறு நிறங்காட்டுதலின், நிறம் எனப் பொருள்படும் 'குரோமா' என்னும் கிரேக்கச் சொல்லடியாக இது பெயர்பெற்றது. அச்சொல்லோ, தோல், மேனி எனப் பொருள்படும் 'குரோசு' என்பதனோடு உறவுடையது. ஆகவே, தோலைக் குறித்த சொல்லின் வழிவந்த பெயரையுடைய பொருளே இன்று தோலைப் பதனிடுகின்றது.

தமிழில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லிலேயே அமைந்துள்ளன. புறநானூற்றின் 13ஆம் பாட்டில் புலித்தோற் கவசத்தைச் சுட்டுமிடத்து, 'நிறம்' என்னும் சொல் தோலைக் குறித்து நிற்றல் காண்க. இதுகொண்டு 'நிறம்', 'குரோமா' இரண்டும் ஒருவேர்ச் சொற்கள் எனத் துணிதல் பொருந்தாது; ஒலியும் அதற்கு இடந்தராது. மேனியே நிறத்தின் முதற் காட்சியாதலின், இருமொழிகளும் தனித்தனியே ஒருவழிச் சென்றன என்று கொள்ளுதலே தக்கது.

கலைச்சொல்லாக்கத்தில் 'குரோமியம்' என்னும் ஒலிபெயர்ப்பையே நாம் ஏற்பினும், அதன் பொருளை மாணவர்க்கு விளக்குதற்கு 'நிறம்' என்னும் நம் பழஞ்சொல்லினும் சிறந்த துணை பிறிதில்லை.