பாட்டுப் பெட்டிக்கு என்ன சட்டை?

ஊதிப் பார்த்துத் துணி வாங்க வேண்டும்!

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கி வந்து, வீட்டிலேயே பெட்டி செய்கிறவர்கள் பலர். பலகையை அளந்து, அறுத்து, ஒட்டி, திருகாணி முடுக்கிப் பல நாள் பாடுபடுகிறார்கள். பெட்டி நன்றாகப் பாடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி!

ஆனால், "பார்க்க நன்றாக இல்லையே!" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உடனே அலமாரியில் கிடந்த கெட்டியான திரைத் துணியை எடுத்து, முகப்பில் இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான். பாட்டு மங்கிவிடுகிறது! பாடுகிறவர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல் கேட்கிறது.

பல நாள் உழைப்பு ஒரு முழத் துணியில் வீண்!

காரணம் என்ன?

ஸ்பீக்கரில் உள்ள கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அதனால் முன்பக்கமும் ஓசை வருகிறது, பின்பக்கமும் வருகிறது. இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கனத்த ஓசைதான் அதிகம் கெடும். 1925-ம் ஆண்டில் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள், இன்றைய ஸ்பீக்கருக்கு வழிகாட்டிய ஒலிபெருக்கியைச் செய்தார்கள். அவர்களும் முன் ஓசையையும் பின் ஓசையையும் பலகை வைத்துப் பிரித்தார்கள்.

ஆகவே, பெட்டியின் உடம்பு காற்றை விடக்கூடாது. அதன் முகம் காற்றைத் தடுக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே சட்டை போட்டால் கெடுதல்!

உடம்புக்கு

முதலில் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். கூம்பின் மேல் பெயிண்ட் பட்டால் போச்சு!

பலகை சேரும் இடங்களில் உள்ள இடுக்குகளையும், திருகாணிக் குழிகளையும் அடைத்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சில பெட்டிகளில் கனத்த ஓசைக்காகவே குழாய் வைத்த துளை உண்டு. அதை அடைக்கக்கூடாது.

ரெக்சின் ஒட்டுகிறவர்கள் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். ரப்பர் பசையைப் பலகையிலும் ரெக்சினிலும் மெல்லியதாகத் தடவி, ஈரம் உலர்ந்த பிறகு ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனால் குமிழ் வராது. இணைப்பு பின்பக்கம் வந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. குழந்தைகளும் அருகில் இருக்கக்கூடாது.

சொரசொரப்பான பெயிண்ட் இன்னொரு வழி. மைக் செட் பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். லாரியில் ஏற்றி இறக்கினாலும் கீறல் அதிகம் தெரியாது. முதல் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். அது காய்ந்த பிறகு, கெட்டியான பெயிண்டை ஸ்பாஞ்சு உருளையால் ஒற்றி ஒற்றிப் பூசினால் புள்ளி புள்ளியாக எழும்பும். தூள் மரத்தை அழுத்திச் செய்த பலகையானால், அறுத்த ஓரங்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும். அங்கே முதலில் பிரைமர் பூச வேண்டும். முதலில் ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பார்ப்பது நல்லது.

முகத்துக்கு

1950-ம் ஆண்டுகளின் வால்வு ரேடியோக்களில் முகப்பில் நெய்த துணி இருந்தது. அழகுக்கு மட்டுமல்ல, தூசியைத் தடுக்கவும், ஓசையை விடவும் தகுந்த துணி அது.

துணியை எப்படிச் சோதிப்பது? வாயருகே பிடித்து ஊத வேண்டும். மூச்சு தடையின்றி மறுபக்கம் போனால் அந்தத் துணி ஆகும். கன்னம் உப்பினால் ஆகாது! முதலில் அடைபடுவது கூர்மையான ஓசைதான். வார்த்தை தெளிவில்லாமல் போவது அதனால்தான்.

துணியைப் பெட்டியில் நேராக ஒட்டாமல், தனி மரச் சட்டத்தில் இழுத்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலைக்குப் போனால் நெசவு கோணாது. கூம்பு அசையும்போது துணியில் இடிக்காதபடி இடைவெளி விட வேண்டும்.

ஏற்கெனவே கெட்டித் துணி ஒட்டியவர்கள் வருந்த வேண்டாம். பெட்டி கெடவில்லை. துணியைப் பிரித்துவிட்டு அதே பாட்டைப் போட்டுக் கேட்கலாம். போர்வையை விலக்கிவிட்டுப் பாடுவது போல் இருக்கும்!