மாற்று எஞ்சினுக்குக் குழாயும் வயரும்

அமெரிக்காவில் பழைய காரின் எஞ்சினை இறக்கிவிட்டு, அதனிடத்தில் பிற்காலத்து எஞ்சின் ஒன்றை ஏற்றுவது தனியொரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதில் மிகுதியாகப் புழங்குபவை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997ஆம் ஆண்டு மாடல் கார்வெட்டில் அறிமுகப்படுத்திய எல்எஸ்1 என்னும் 5.7 லிட்டர் வி8 எஞ்சினும் அதன் வழிவந்த எஞ்சின்களும் ஆகும். காயலான் கடைகளில் அவை தாராளமாகக் கிடைப்பதாலும், பழைய வண்டிகளின் அடிச்சட்டத்தில் அவற்றை நிறுத்துவதற்கான தாங்கிகள் ஆயத்தமாகவே விற்கப்படுவதாலும், எஞ்சினை ஏற்றுவது இன்று பெரிய வேலையன்று. ஏற்றிய எஞ்சின் ஓடுமா, ஓடினாலும் தீப்பிடிக்காமல் ஓடுமா என்பவற்றைத் தீர்மானிப்பவை பெட்ரோல் குழாயின் இணைப்புகளும், வயரிங் ஹார்னஸ் எனப்படும் வயர்க்கட்டும்தான். செலவைக் குறைக்க நினைப்போர் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான் என்பது வருந்தத்தக்கது.

1960களின் காரில் கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் தள்ளிய பம்பு, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 பவுண்டு அழுத்தமே தந்தது. அதற்குச் சாதாரண ரப்பர் குழாயும் திருகி இறுக்கும் கிளிப்பும் போதுமானவையாக இருந்தன. எல்எஸ்1 எஞ்சினிலோ, இன்ஜெக்டர் எனப்படும் மின்வால்வுகள் பெட்ரோலை நுண்திவலைகளாகப் பீய்ச்ச வேண்டியிருப்பதால், 58 பவுண்டு அழுத்தம் தேவைப்படுகிறது. முன்பு சொட்டாக ஒழுகியிருக்கக்கூடிய கசிவு, இந்த அழுத்தத்தில் தூறலாகச் சிதறி, சூடேறிய புகைக்குழாயின்மேல் விழும். ஆகவே பழைய குழாயையும் கிளிப்பையும் அப்படியே விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது.

இத்தகைய அழுத்தத்துக்கு அங்கே பெரிதும் பயன்படுவது ஏஎன் இணைப்பு. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் தம் விமானங்களுக்காகப் பொதுவில் வகுத்துக்கொண்ட அளவுமுறை அது. அதன் எண், உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாகக் குறிக்கும். ஆறாம் எண் என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலம். எல்எஸ் எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்க்கு வழக்கமாக இடப்படுவது இந்த ஆறாம் எண்ணே. இவ்விணைப்பில் வியக்கத்தக்கது, கசிவைத் தடுப்பது மரை அன்று என்பதாகும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரு புனல்களைப் போல, அச்சிலிருந்து 37 பாகை சாய்ந்த கூம்பின்மேல் அதே சாய்வுள்ள மற்றொரு பரப்பு உட்கார்ந்து, உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைத்துக்கொள்கிறது. மரையின் வேலை அவ்விரண்டையும் இழுத்துப் பிடிப்பது மட்டுமே. இதை அறியாமல், தண்ணீர்க் குழாய்க்குரிய வெள்ளை டெஃப்லான் டேப்பை இந்த மரையிலும் சுற்றுகிறவர்கள் இரட்டைக் கேடு செய்கிறார்கள்: டேப்பு கசிவை நிறுத்துவதில்லை என்பதோடு, அதன் பிசிறு கிழிந்து பெட்ரோலோடு சென்று இன்ஜெக்டரின் நுண்துளையை அடைத்துவிடவும் கூடும். பிரேக் குழாய்களில் வழங்கும் 45 பாகைக் கூம்பை இதனோடு சேர்ப்பதும் தவறே. சில அளவுகளில் இருவகை மரைகளும் ஒத்துப்போவதால் நட்டு ஒழுங்காக இறுகும். ஆனால் உள்ளே இரு கூம்புகளும் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும்.

வயர்க்கட்டு என்பது எஞ்சினின் உணரிகளையும் இன்ஜெக்டர்களையும் இக்னிஷன் காயில்களையும் இசியூ எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினியோடு சேர்ப்பது. வேண்டாத வயர்களைக் களைந்தபின், அது பழைய காரோடு சேர வேண்டிய முக்கிய இடங்கள் மிகச் சிலவே: பேட்டரியின் நிலையான மின்சாரம், சாவியைத் திருப்பியதும் வரும் மின்சாரம், எர்த், பெட்ரோல் பம்பின் ரிலே. ஆனால் வயர்க்கட்டை வாங்கும் முன்பே அறிய வேண்டியது ஒன்றுண்டு. கிராங்க் தண்டின் சுழற்சியைக் கணினி அறிவதற்காக அதில் பொருத்தியுள்ள பற்சக்கரம், முந்தைய எஞ்சின்களில் ஒரு சுற்றுக்கு 24 சைகையும் பிந்தையவற்றில் 58 சைகையும் தருகிறது. ஒன்றுக்குரிய இசியூவால் மற்றொன்றைப் படிக்க இயலாது. வெளியிலிருந்து பார்க்க ஒரேமாதிரி தோன்றும் இவற்றை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் செருகியிருக்கும் கிராங்க் உணரியின் நிறம் காட்டிக்கொடுக்கும்: கறுப்பு என்றால் 24, சாம்பல் என்றால் 58.

எர்த் என்பது மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், காரின் உடலோடு அதற்கு இயல்பாக மின்தொடர்பு இல்லை. தடித்த எர்த் வயரே அத்தொடர்பை உண்டாக்குகிறது. அது விடுபட்டாலோ, புதிதாகப் பூசிய பெயிண்டின்மேல் முடுக்கப்பட்டாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம், அதைத் தாங்கவியலாத மெல்லிய வயர்கள் வழியே திரும்ப முயன்று அவற்றைக் கருக்கிவிடும். பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும் இடத்தில் அதை முடுக்குவது மிகச் சிறிய வேலை. புதிய பெயிண்டு கெடுமே என்று அதைத் தவிர்ப்பவர்கள் இசியூவையே பழுதென்று மாற்றிவிடுவதும் உண்டு.

பம்பின் ரிலேயை இசியூவிடமிருந்து பிரித்து, சாவிச் சுவிட்சோடு நேரே இணைப்பது இவை எல்லாவற்றிலும் கொடியது. சாவியைத் திருப்பியதும் இசியூ பம்பை ஏறத்தாழ 2 விநாடி மட்டும் ஓட்டி நிறுத்திவிடும். அதன்பின் கிராங்க் உணரியின் சைகை வந்தால்தான் பம்பைத் தொடர்ந்து இயக்கும். விபத்தில் எஞ்சின் நின்றால் சைகை நிற்கும், பம்பும் நிற்கும். நேரே இணைத்த வண்டியிலோ, குழாய் அறுந்து ஓட்டுநர் நினைவிழந்து கிடக்கும்போதும் பம்பு பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினை முதன்முறை ஓட்டும் முன் இணைப்புகளைச் சோதிப்பதற்கும் அந்த 2 விநாடி ஓட்டமே உதவுகிறது: சாவியைச் சில முறை திருப்பி அழுத்தம் ஏற்றியபின், ஒவ்வோர் இணைப்பிலும் உலர்ந்த தாளை ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஈரம் பட்டால் இணைப்பைக் கழற்றிக் கூம்பைத் துடைத்து மீண்டும் பொருத்த வேண்டுமேயன்றி மேலும் மேலும் முறுக்கலாகாது. அலுமினியக் கூம்பு அளவுக்கு மீறி அழுந்தினால், அடைக்க வேண்டிய பரப்பே நசுங்கிவிடும்.